நனைந்த கம்ப்யூட்டர் சாமானும் வாரண்டியும்: எழுதி வை, எழுதி வாங்கு



நம் குழுக்கள் ஆரம்பித்த காலத்தில் ஒரு தகரப்பெட்டி, நாலு நோட்டு, ஒரு ஸ்டாம்பு பேட், இவ்வளவுதான் குழுவின் சொத்து. தர்மபுரியில் 1989-இல் முதல் குழுக்கள் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் அதே திட்டம் அன்றைய சேலம் மாவட்டத்துக்கும் வந்தபோது, கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. இன்றைக்கு நிலைமை அப்படியில்லை. கூட்டமைப்பு அலுவலகத்தில் லேப்டாப் இருக்கிறது, பிரிண்டர் இருக்கிறது. கடன் வாங்கி ஜெராக்ஸ் கடை வைத்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இ-சேவை மையம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்த லேப்டாப் பல வீடுகளில் இன்னும் பரணில் இருக்கிறது.

சாமான் வந்துவிட்டது. ஆனால் அதைப் பாதுகாக்கும் பாடம் வரவில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடமாக, தண்ணீர் பட்ட கீபோர்டு, மவுஸ், சார்ஜர், பிரிண்டர் இவற்றை என்ன செய்வது, வாரண்டி எது வரைக்கும் வரும் என்பதை எடுத்துக்கொள்கிறோம். நான் செய்த ஒரு தவறும் இதில் வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நடந்தது என்ன?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கிற நமக்கு என்ன என்று இருந்தோம். ஆனால் அடுத்த இரண்டு நாளும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. திருமணிமுத்தாற்றில் வெள்ளம் ஓடியது.

நான் பொறுப்பு பார்க்கும் ஊராட்சி ஒன்றில் கூட்டமைப்பு அலுவலகம் பழைய ஓட்டுக் கட்டடம். இரவு ஓடு நகர்ந்து, நேராக மேசை மேல் ஒழுகியிருக்கிறது. லேப்டாப் பீரோவுக்குள் இருந்ததால் தப்பித்தது. மேசை மேல் இருந்த கீபோர்டு, மவுஸ், லேப்டாப் சார்ஜர், கணக்கு வைத்திருந்த பென் டிரைவ் எல்லாம் நனைந்துவிட்டன. பிரிண்டர் எதிர்ச்சுவர் ஓரம் ஸ்டூல் மேல் இருந்தது. அதன் மேல் ஒரு சொட்டும் விழவில்லை.

காலையில் கதவைத் திறந்த கணக்காளர் தங்கச்சி அழுதுகொண்டே எனக்கு போன் செய்தாள். "அக்கா, எல்லாம் போச்சுங்க்கா. நான்தான் மேசை மேலயே வெச்சுட்டுப் போனேன். ஆறு மாசக் கணக்கு அந்த பென் டிரைவுலதாங்க்கா இருக்குது." நான் தைரியம் சொன்னேன். கூடவே ஒரு யோசனையும் சொன்னேன்: "சார்ஜரையும் பென் டிரைவையும் அரிசி மூட்டைக்குள்ள போட்டு வை, ஈரத்தை இழுத்துக்கும்." யாரோ சொல்லிக் கேட்டதை நானும் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து சார்ஜரை எடுத்து பிளக்கில் சொருகினாள். டப்பென்று ஒரு சத்தம், கருகல் வாசனை, ஃபியூஸ் போனது. நல்ல வேளை, அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சத்தத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது. அரிசி ஈரத்தை இழுக்கவில்லை. சார்ஜர் உடம்புக்குள் போன தண்ணீர் உள்ளேயே இருந்திருக்கிறது. பென் டிரைவின் வாயில் அரிசித் தவிடு வேறு அடைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் நானும் அவளும் பொருளாளர் அம்மாவும் சேலம் புதிய பஸ் நிலையத்தில் இறங்கி, ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். பிரிண்டரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஏனென்றால் மழைக்கு முன்னாலேயே அது பேப்பரை இழுக்காமல் இருந்தது. வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகிறது. போகும் வழியெல்லாம் தங்கச்சி பேசவே இல்லை. இறங்கும்போதுதான் மெதுவாகச் சொன்னாள்: "கம்மலை அடகு வெச்சாவது கட்டிடறேன்க்கா. கூட்டத்துல மட்டும் சொல்லிடாதீங்க."

கவுண்டரில் இருந்த தம்பி, ஒழுகிய கதையைக் கேட்டதும் எதையும் திறந்து பார்க்காமலே சொன்னார்: "தண்ணி பட்டதுன்னா எதுவுமே வாரண்டில வராதுங்க மேடம்." மூன்று சாமானையும் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

அப்போது நம் பொருளாளர் அம்மா, எட்டாம் வகுப்புதான் படித்தவர், ஒரு கேள்வி கேட்டார். "சரிங்க தம்பி. எந்தச் சாமானுக்கு என்ன காரணத்தால வராதுன்னு தனித்தனியா எழுதிக் குடுங்க. நாங்க கூட்டத்துல காட்டணும்." பையிலிருந்து அலுவலகப் பதிவேட்டையும் எடுத்து வைத்தார். அதில் நவம்பர் மாதமே, "பிரிண்டர் பேப்பரை இழுக்கவில்லை, கடையில் சொல்லப்பட்டது" என்று தேதி போட்டு எழுதி, இருவர் கையெழுத்தும் இருந்தது.

எழுதிக் கொடு என்றதும் அந்தத் தம்பி உள்ளே போய் மேற்பார்வையாளரை அழைத்து வந்தார். அவர் பிரிண்டரைத் திறந்து பார்த்தார். உள்ளே ஈரமும் இல்லை, துருவும் இல்லை. பேப்பரை இழுக்கும் இடத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்திருந்தது. "இது வாரண்டில வரும்" என்று அவரே எழுதினார். பத்து நாளில் இலவசமாகச் சரியாகி வந்தது. சார்ஜரும் கீபோர்டும் வாரண்டியில் வரவில்லை. அவை வராது என்பது நியாயம்தான். பென் டிரைவை சிறு பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு சொருகிப் பார்த்தார்கள். ஆறு மாதக் கணக்கும் அப்படியே இருந்தது.

தங்கச்சி கம்மலை அடகு வைக்கவில்லை. அது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

1. தண்ணீர் என்ன செய்கிறது?

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தாது. ஆனால் நாம் புழங்கும் தண்ணீர் எதுவும் அவ்வளவு சுத்தம் இல்லை. சேலம், நாமக்கல் பக்கம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பது உங்களுக்கே தெரியும். கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு கம்ப்யூட்டர் சாமானுக்குள்ளும் படியும். ஓட்டில் ஒழுகும் மழைத் தண்ணீரும் தூசி, கரி, மண்ணைக் கரைத்துக்கொண்டுதான் வரும்.

இந்தத் தண்ணீர் இரண்டு விதமாகக் கெடுக்கும். ஒன்று, மின்சாரம் இருக்கும்போது போகக்கூடாத வழியில் அதை ஓடவைத்து, ஒரு நொடியில் பாகத்தைக் கருக்கிவிடும். இரண்டாவது, மெதுவாகக் கெடுக்கும். புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறுமே, அதுபோல உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகளில் களிம்பு ஏறும். "அன்னிக்கு நனைஞ்சுது, ஆனா நல்லா ஓடுச்சு, ஒரு மாசம் கழிச்சு நின்னு போச்சு" என்று சொல்கிறார்களே, காரணம் இதுதான்.

டீ, காபி, ஜூஸ் கொட்டினால் இன்னும் மோசம். சர்க்கரை பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். சாக்கடையும் சாயக்கழிவும் கலந்த வெள்ளத் தண்ணீர் எல்லாவற்றிலும் மோசம்.

2. முதல் பத்து நிமிடம்

சாமான் பிழைக்குமா என்பது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. ஆனால் சாமானை விட உங்கள் உயிர் பெரிது. அதனால் வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். காய்ந்த கை, காலில் ரப்பர் செருப்பு. அறைக்குள் தண்ணீர் தேங்கி, பிளக் போர்டு அதில் முங்கியிருந்தால் உள்ளே கால் வைக்கவே வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் போக வேண்டும்.

இரண்டாவது, எல்லா வயரையும் கழற்றுங்கள். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கொட்டினால், பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து உடனே அணையுங்கள். செய்த வேலை போனாலும் பரவாயில்லை. பேட்டரி கழற்றும் வகையாக இருந்தால் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, கவிழ்த்து வையுங்கள். லேப்டாப்பைத் திறந்து, கூரை மாதிரி கவிழ்த்து ஒரு துண்டின் மேல் நிறுத்தினால் தண்ணீர் வடியும். கீபோர்டையும் கவிழ்த்து வையுங்கள். உதறாதீர்கள். உதறினால் வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே போகும்.

நான்காவது, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் குறைந்தது இரண்டு நாள் வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். முடி உலர்த்தும் மிஷினின் சூட்டையும் காட்ட வேண்டாம். பிளாஸ்டிக் வளையும், பேட்டரி சூடேறும்.

ஐந்தாவது, "ஓடுதா பார்க்கலாம்" என்று சொருகிப் பார்க்காதீர்கள். அதிகமான சாமான் தண்ணீரால் சாவதில்லை, இந்த அவசரத்தால்தான் சாகிறது.

அரிசியில் போடுவது? வேண்டவே வேண்டாம். ஆப்பிள் நிறுவனமே 2024 ஜனவரியில், நனைந்த போனை அரிசிப் பைக்குள் வைக்காதீர்கள், அரிசித் துகள் போனைக் கெடுக்கும் என்று தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியது. நான் அதற்குப் பிறகும் தெரியாமல் சொன்னேன். நீங்கள் சொல்லாதீர்கள்.

3. எதைச் சரிசெய்யலாம், எதை விட்டுவிடலாம்?

வயர் வைத்த சாதாரண கீபோர்டு, மவுஸ்: வெறும் தண்ணீர் என்றால் நன்றாகக் காயவைத்தால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காவிட்டால் ரிப்பேர் கூலியை விடப் புதியதே லாபம்.

சார்ஜர், அடாப்டர்: உள்ளே தண்ணீர் போயிருந்தால் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். இது நேரடியாகக் கரண்டில் சொருகும் சாமான். ஷாக் அடிக்கும், தீப்பிடிக்கும், லேப்டாப்பையும் சேர்த்துக் கெடுக்கும். புதியது வாங்கும்போது மலிவு என்று ரோட்டோரச் சார்ஜர் வாங்காதீர்கள். இந்தியாவில் விற்கும் அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

பென் டிரைவ், மெமரி கார்டு: நனைந்த நேரத்தில் கரண்டு ஓடாமல் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். நன்றாகக் காயும் வரை சொருகக் கூடாது. ஹார்ட் டிஸ்க் அப்படியில்லை. நனைந்த ஹார்ட் டிஸ்க்கை ஓட்டவும் கூடாது, திறக்கவும் கூடாது. உள்ளே முக்கியமான கணக்கு இருந்தால் தகவல் மீட்கும் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பிரிண்டர், யு.பி.எஸ்.: இவற்றைத் தனியாகத் திறக்க வேண்டாம். யு.பி.எஸ். உள்ளே பேட்டரி இருப்பதால், வயரைக் கழற்றிய பிறகும் கரண்டு இருக்கும்.

லேப்டாப் பேட்டரி: உப்பியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, வாசனை வந்தாலோ வீட்டுக்குள் வைக்க வேண்டாம். அழுத்தவோ குத்தவோ கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத, வெயில் படாத வெளி இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.

4. வாரண்டி என்றால் என்ன?

வாரண்டி என்பது, "எங்கள் தயாரிப்பில் குறை இருந்தால் இத்தனை மாதத்துக்கு நாங்கள் சரி செய்வோம்" என்று கம்பெனி கொடுக்கும் வாக்கு. தண்ணீர் கொட்டியது, கீழே விழுந்தது, எலி கடித்தது இவையெல்லாம் தயாரிப்புக் குறை இல்லை. அதனால் சாதாரண வாரண்டியில் வராது. "தண்ணீர் தாங்கும்" என்று விளம்பரம் செய்கிற போன்களுக்குக்கூட, தண்ணீரால் வந்த சேதம் வாரண்டியில் இல்லை என்று பல கம்பெனிகள் சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

மறைத்துச் சொல்லலாமா? வேண்டாம். போனிலும் பல லேப்டாப்பிலும் உள்ளே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் அது சிவப்பாக மாறிவிடும். திறந்த உடனே தெரிந்துவிடும். பொய் சொன்னால், நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போகும்.

ஆனால் இங்கேதான் நாம் ஏமாறக் கூடாத இடம். மூன்று விஷயம் நினைவில் வையுங்கள்.

ஒன்று, ஒவ்வொரு சாமானுக்கும் வாரண்டி தனி. தனியாக வாங்கிய கீபோர்டு நனைந்ததால் பிரிண்டரின் வாரண்டி போகாது. பாகங்களைச் சேர்த்து ஒட்டிய அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் என்றால் மானிட்டர், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காலம் இருக்கும். அதனால் பில்லில் ஒவ்வொரு பாகமும், அதன் சீரியல் எண்ணும் தனி வரியாக இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் 1 செட்" என்று எழுதிய பில்லை வாங்காதீர்கள்.

இரண்டு, தண்ணீர் படுவதற்கு முன்னால் இருந்த பழுது வேறு, தண்ணீரால் வந்த பழுது வேறு. முன்னால் இருந்த பழுதை எழுதி வைத்திருந்தால் அதுவே உங்கள் சாட்சி. எங்களைக் காப்பாற்றியது இதுதான்.

மூன்று, கடையில் "எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கோங்க" என்பார்கள். அது வாரண்டிக் காலத்தை நீட்டும், அவ்வளவுதான். தண்ணீர் கொட்டினால் வராது. தண்ணீர், கீழே விழுதல் இவற்றுக்கு விபத்துப் பாதுகாப்புத் திட்டம் என்று தனியாக விற்பார்கள். அதைச் சாமான் வாங்கும்போதோ, குறிப்பிட்ட நாளுக்குள்ளோ வாங்க வேண்டும். "டீ கொட்டினா வருமா? எத்தனை தடவை வரும்? நாங்க எவ்வளவு கட்டணும்?" என்று இந்த மூன்று கேள்வியையும் கேட்டு, பதிலை எழுத்தில் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

5. வெள்ளம் வந்தால்?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் சாமான்கள் முங்கின. அப்போது பல கம்பெனிகள் சிறப்பு சர்வீஸ் முகாம் நடத்தி, கூலி இல்லாமலோ தள்ளுபடியிலோ செய்துகொடுத்தன. அது அவர்கள் கொடுத்த சலுகை, வாரண்டி உரிமை இல்லை. அதனால் சட்டமாகக் கேட்க முடியாது. ஆனால் பெரிய மழை வெள்ளத்துக்குப் பிறகு, "உங்க கம்பெனியில ஏதாவது சலுகை அறிவிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கேட்காதவருக்குச் சொல்ல மாட்டார்கள்.

உரிமையாகக் கேட்க வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் வேண்டும். 5 கோடி ரூபாய் மதிப்பு வரையுள்ள சிறு தொழில்களுக்காக "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்ற பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. வீட்டுக்கும் வீட்டுச் சாமானுக்கும் "பாரத் கிருஹ ரக்ஷா" இருக்கிறது. தீ, புயல், வெள்ளம் இவற்றால் வரும் சேதம் இதில் வரும். கைதவறி டீ கொட்டியதற்கு வராது. ஜெராக்ஸ் கடை, டெய்லரிங் யூனிட் வைத்திருக்கும் உறுப்பினர்கள் வங்கியில் விசாரியுங்கள். ஏற்கெனவே தொழில் கடன் வாங்கியிருந்தால், வங்கி உங்கள் பெயரில் பாலிசி போட்டு பிரீமியம் பிடித்திருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்திருந்தால் பாலிசி நகல் கேட்டு வாங்குங்கள்.

சேதம் ஆனால் உடனே போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பும் ஆள் பார்க்கும் வரை நனைந்த சாமானைத் தூக்கி எறியாதீர்கள்.

6. நியாயம் கிடைக்காவிட்டால்?

முதலில் சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் வாங்குங்கள். அதில் சாமான் பெயர், சீரியல் எண், கொடுத்த தேதி, நீங்கள் சொன்ன குறை, அவர்கள் மறுத்த காரணம் எல்லாம் இருக்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

அடுத்து கம்பெனிக்குக் கடிதம் எழுதுங்கள். மாதிரி கீழே இருக்கிறது. பதில் இல்லையென்றால் மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி, பதில் கேட்பார்கள். பல பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நமக்கு உதவும் விஷயங்கள்:

- சாமான் எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஃபேர்லேண்ட்ஸில் வாங்கியிருந்தாலும் நாமக்கல் மாவட்டத்துச் சகோதரி நாமக்கல்லிலேயே கொடுக்கலாம்.
- 5 லட்சம் ரூபாய் வரையுள்ள சாமானுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை.
- பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.
- குறை தயாரிப்பிலா, தண்ணீராலா என்று தகராறு வந்து, சோதித்துப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது என்றால், சாமானை முத்திரையிட்டுச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.
- பில் கொடுக்க மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சட்டம் சொல்கிறது.
- வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொன்னாலும், தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவர் நுகர்வோர்தான். ஜெராக்ஸ் மிஷின் வைத்துப் பிழைக்கும் சகோதரியை "நீ வியாபாரி" என்று தள்ள முடியாது.

மாதிரிக் கடிதம்

பெறுநர்: மேலாளர், (சர்வீஸ் சென்டர் / கம்பெனி பெயர், ஊர்)

ஐயா / அம்மா,

நான் (தேதி) அன்று (கடை பெயர்) கடையில் பில் எண் (....) மூலம் (சாமான் பெயர், சீரியல் எண்) வாங்கினேன். அதில் (குறை) உள்ளது. இந்தக் குறை (தேதி) முதல் இருக்கிறது. வாரண்டிக் காலம் முடியவில்லை. தங்கள் சர்வீஸ் சென்டரில் (தேதி) அன்று கொடுத்தபோது, தண்ணீர் பட்டதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். எந்தப் பாகத்தில் தண்ணீர் பட்டுள்ளது, அதனால்தான் இந்தக் குறை வந்ததா என்பதைப் போட்டோவுடன் எழுத்து மூலம் தெரிவிக்கவும். அப்படி இல்லையென்றால் வாரண்டிப்படி 15 நாட்களுக்குள் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட் நகல்கள் இணைத்துள்ளேன்.

(கையெழுத்து, தேதி)

கடிதத்தின் நகலை நீங்கள் வைத்துக்கொண்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அசல் பில்லை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: பில் மை அழிந்து வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறது. என்ன செய்வது?
பதில்: சில பில்கள் சூட்டில் அச்சாகும் தாள். சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, போனில் போட்டோவும் எடுத்து வையுங்கள். மங்கிவிட்டால் கடையில் நகல் கேளுங்கள். சீரியல் எண்ணை வைத்துக் கம்பெனியே வாங்கிய காலத்தைப் பார்ப்பதும் உண்டு.

கேள்வி: பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் கொடுத்தால் குறைந்த காசில் முடிகிறதே?
பதில்: வாரண்டி முடிந்த சாமான் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். வாரண்டி இருக்கும்போது வெளியே திறந்தால், அதையே காரணம் காட்டி மறுக்கலாம். முதலில் சர்வீஸ் சென்டரில் காட்டி, எவ்வளவு ஆகும் என்று எஸ்டிமேட் வாங்குங்கள். பார்க்கும் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். ரிப்பேர் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டினால் யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: கெட்டுப்போன வயரை எரித்துச் செம்பு எடுத்து விற்கலாமா?
பதில்: கூடவே கூடாது. அந்தப் புகை விஷம். முதலில் பாதிக்கப்படுவது எரிப்பவரும் பக்கத்தில் இருக்கும் குழந்தைகளும்தான். மின்னணுக் கழிவுகளைத் திரும்பச் சேகரித்து முறையாக மறுசுழற்சி செய்யத் தயாரிப்பாளர்களுக்குப் பொறுப்பு உண்டு. புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. சர்வீஸ் சென்டரில் கேட்டு ஒப்படையுங்கள்.

தங்கச்சியின் கம்மல்

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து திரும்பிய பிறகு கூட்டமைப்பின் செயற்குழு கூடியது. சார்ஜர், கீபோர்டு செலவை யார் ஏற்பது என்று பேச்சு வந்தது. "மேசை மேல வெச்சுட்டுப் போனது அவதானே" என்று ஒருவர் சொன்னார். தங்கச்சி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து, அரிசியில் போடச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். அப்புறம் பொருளாளர் அம்மா பேசினார். "ஓடு ஒழுகுதுன்னு நாம எல்லாருமே ரெண்டு மாசமாப் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். யாரும் சரி பண்ணல. ஒழுகுற கூரைக்கு இந்தப் பொண்ணு எப்படிப் பொறுப்பாகும்?" யாரும் பதில் பேசவில்லை. செலவைக் கூட்டமைப்பே ஏற்பது என்றும், ஓட்டை அந்த வாரமே மாற்றுவது என்றும் முடிவானது.

அன்றே எழுதிய தீர்மானத்தை நீங்களும் உங்கள் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம்:

"கூட்டமைப்பின் எல்லா மின்சாதனங்களுக்கும் பெயர், சீரியல் எண், வாங்கிய தேதி, வாரண்டி முடியும் தேதி கொண்ட பதிவேடு வைக்கப்படும். பழுது தெரிந்த அன்றே தேதியுடன் எழுதி இருவர் கையெழுத்திட வேண்டும். வேலை முடிந்ததும் வயர்களைக் கழற்றி, சாதனங்களைச் சுவர் ஓரம் உயரத்தில் மூடி வைக்க வேண்டும். கணக்கின் நகல் வாரம் ஒருமுறை வேறு பென் டிரைவில் எடுத்து வேறு இடத்தில் வைக்கப்படும். மழை, இடி போன்றவற்றால் வரும் சேதத்துக்குப் பணியாளர் தனியாகப் பொறுப்பாக மாட்டார்."

கடைசி வரி ரொம்ப முக்கியம் சகோதரிகளே. நனைந்ததை உடனே சொன்னால் சாமானைக் காப்பாற்றலாம். தண்டம் கட்டச் சொல்வார்களோ என்று பயந்தால் மறைப்பார்கள். மறைத்துச் சொருகிப் பார்த்தால் உயிருக்கே ஆபத்து. நம் குழுவில் ஒரு பெண் பயப்படாமல் "அக்கா, தண்ணி கொட்டிருச்சு" என்று சொல்ல முடிய வேண்டும். அதுதான் முதல் பாதுகாப்பு.

குழுக் கூட்டத்தில் கலந்துபேச

1. உங்கள் வீட்டிலும் குழுவிலும் வாரண்டி உள்ள சாமான் என்னென்ன? பில் எங்கே இருக்கிறது?
2. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?
3. குழுக் கணக்கின் நகல் இன்னொரு இடத்தில் இருக்கிறதா?
4. குழுச் சாமான் தவறுதலாகக் கெட்டால் செலவை யார் ஏற்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்களா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு உறுப்பினரும் ஏதாவது ஒரு சாமானின் பில்லையும் வாரண்டி அட்டையையும் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்ல, மற்றவர்கள் முடியும் தேதியை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வருவதற்குள் அலுவலக ஓட்டையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்